ஒட்டிய பக்கம்

நஸ்ருதீன் மச்சானின் முகம் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு புயலில் தோணியோடு போன ஐந்து பேரையும் சேர்த்து ஒரு பத்திரிகை போட்ட படம். அவர் மனைவி, என் அக்கா அஜீசுன்னிசா, புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் அப்போது இருந்தாள். படம் இருக்கிற வீட்டுக்கு அல்லாவின் தூதர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று அவள் மாமனார் அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு நல்லது எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அன்று அக்கா வயிற்றில் இருந்த ஆரிபாவுக்கு, இந்த அறுபத்தொன்பதில், அடுத்த மாதம் நிக்காஹ். "அத்தா மொகத்த ஒரு தடவ பாக்கணும்மா" என்று கேட்டுவிட்டாள்.

சிதம்பரம் கீழவீதியில் வைத்திலிங்கம் என்றொருவர், கடலூர், சிதம்பரம் பற்றி வந்த செய்திகளை முப்பது வருஷமாக வெட்டி ஒட்டி வைத்திருந்தார். நடமாடும் சரித்திரம் என்று அவருக்குப் பெயர். அக்காவை அழைத்துக்கொண்டு காலை ரயிலில் போனேன்.

தேதி சொன்னதும் நோட்டை எடுத்துவிட்டார். அதே பத்திரிகை, மூன்றாம் பக்கம். தேர் திருப்பணிக் கமிட்டிச் செய்தி. உறுப்பினர்களில் கடைசிப் பெயர் அவருடையது. தோணிப் படம் வந்தது அதன் பின்புறம், நாலாம் பக்கத்தில். டீக்கடையில் நின்று படித்தவன் நான், எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் முழுக்க மைதாப் பசையை அப்பி நோட்டோடு ஒட்டியிருந்தார்.

"பின்னால பாக்கலீங்களா?"

"பாத்தேன் தம்பி. முக்கியமா ஒண்ணும் இல்லன்னு ஒட்டிட்டேன்."

"அஞ்சு உசுரு போயிருக்கு, முக்கியமா ஒண்ணும் இல்லியா? ஒங்க பேரு வந்தாதான் சரித்திரமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். "நனைச்சா உரிஞ்சி வரலாம். கரைஞ்சும் போயிடலாம்."

"வேணாங்க" என்றாள் அக்கா. "தண்ணிக்கி அவர ஒரு தடவ குடுத்தது போதும்."

நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். கமிட்டிப் பெயர்களுக்கு நடுவே ஐந்து தலைகள் கறுப்பாகத் தெரிந்தன.

"ரஃபி, இதுல எது அவரு?" என்றாள் என்னிடம்.

எனக்கும் தெரியவில்லை.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "ஆரிபாகிட்ட என்னக்கா சொல்றது?" என்றேன்.

"கெடைக்கலன்னு சொல்லிடு" என்றாள். "இருக்குன்னு மட்டும் சொல்லாத."