கடுகு முளைத்த முதலை

பள்ளிக்கூடத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மழை விடுமுறை இந்த வாரமும் நீளும். பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு மழைக்காலப் பிராணியைக் கையால் செய்து, பள்ளி திறக்கும்போது எடுத்து வர வேண்டும். உதாரணத்துக்குத் தவளை, நத்தை, மண்புழு என்று போட்டிருந்தார்கள்.

"முதலை," என்றான் சிறுசு. அவனுக்கு நான்கு வயது.

"முதலை மழைக்காலப் பிராணியாடா?"

"மழையில நனையுமில்ல?"

"எல்லாந்தான் நனையும்."

"அப்ப முதலையும் நனையும்."

அவனுடைய அக்கா பெரிசுக்கு ஆறு வயது. எங்கள் வீட்டில் தீர்ப்பெல்லாம் அவளுடையது. "பேச்சு முடிஞ்சிருச்சு. முதலை," என்றாள்.

"சரி," என்றேன்.

அப்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு சொல்தான் சுலபமாக வந்தது. கோடையில் என் மனைவி இறந்துபோனாள். அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் சரி என்றேன். கூடுதலாக ஒரு பாக்கெட் பால் போடட்டுமா? சரி. மாடி வீட்டுக்காரரின் சைக்கிளை எங்கள் பால்கனியில் நிறுத்தலாமா? சரி. அப்படித்தான் போன வாரம் மனைவியின் அக்கா தொலைபேசியில் கேட்டபோதும்.

"தம்பி, பசங்க ரெண்டு பேரும் என் வீட்டுல இருந்து படிக்கட்டும். வேலைக்கும் போயி, சமைச்சு, துவைச்சு, உங்களால முடியாது. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிக்கா."

அவள் உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிறகு அவள் வைத்தாள்.

பிள்ளைகளிடம் சொன்னேன். பெரிசு ஒன்றுதான் கேட்டாள். "நீயும் வர்றியா?"

"இல்ல."

"சரி," என்றாள், அப்படியே என் குரலில்.

ஆக, முதலையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவது என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் செய்ய உட்கார்ந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேறு வேலையும் இல்லை.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வரைபடம் போடுவது என் வேலை. மருந்துப் பெட்டி, பல்பு பெட்டி, பிஸ்கட் பெட்டி. எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று கோடு போடுவேன். பரணில் கிடந்த டிவி பெட்டியை இறக்கிப் பிரித்து, அளந்து, கோடு போட்டு வெட்டினேன். பசையே இல்லாமல் உடம்பு நின்றது. தாடை ஒரே மடிப்பில் திறந்து மூடியது. நல்ல வேலை என்று நினைத்தேன்.

இருவரும் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"அப்பா, இது முதலை இல்ல," என்றாள் பெரிசு. "டூத்பேஸ்ட் பெட்டி."

"வாய் திறக்குது பாரு."

"டூத்பேஸ்ட் பெட்டியும்தான் திறக்கும்."

பிறகு அவள் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். நான் போட்ட நேர்கோடெல்லாம் நசுங்கியது. வயிறு தொங்கியது. வால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இறங்கி வந்து பார்த்து, "இப்ப முதலை," என்றாள். அவள் சொன்னது உண்மைதான்.

மைதா காய்ச்சிப் பசை செய்தேன். செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினோம். பாதி முதலையின் மேல் ஒட்டியது. மீதி சிறுசின் வயிற்றில் ஒட்டியது. தானும் முதலைதான் என்றான். முட்டை வரும் அட்டைத் தட்டை வெட்டிப் பல் வைத்தோம். எல்லாப் பல்லுக்கும் வெள்ளை அடித்த பெரிசு, ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்தாள்.

"ஏம்மா அது மட்டும்?"

"சொத்தை. பெரியம்மாவுக்கு வேலை வேணாமா?"

பெரியம்மா பல் மருத்துவமனையில் நர்ஸ்.

முதுகுக்குப் பழுப்பு வண்ணம் தீர்ந்துபோயிருந்தது. என்ன செய்யலாம் என்று நானும் பெரிசும் பேசிக்கொண்டிருந்தபோது சிறுசைக் காணவில்லை. சமையலறையிலிருந்து திரும்பி வந்தவன், ஈரப் பசையின் மேல் கடுகு டப்பாவைக் கவிழ்த்தான். டப்பா நிறைந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய அக்கா இரண்டு கையாலும் அதைப் பரப்பிவிட்டாள். கறுப்பும் பழுப்புமாக, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அசல் முதலைத் தோல்.

ஜன்னலோரம் வைத்தோம். சாரல் உள்ளே அடித்தது. தொழிற்சாலையில் சரக்கு ஈரமானால் யார் தலை உருளும் என்று எனக்குத் தெரியும். பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள் வீட்டில் இருந்தது. முதலையை மூக்கிலிருந்து வால் வரை இறுக்கிச் சுற்றினேன். காற்றுப் புகக்கூட இடம் வைக்கவில்லை. மூலைக்கு மூலை அட்டை கொடுத்தேன். மேல்பக்கம் எது என்று அம்புக்குறி ஒட்டினேன். பல மாதங்களில் நான் முழுதாக முடித்த ஒரே வேலை அது.

"அம்மாவா இருந்தா காயப்போட்டிருப்பா," என்றாள் பெரிசு.

"மழையில எங்க காயப்போடுறது?"

"ஃபேனுக்குக் கீழ."

"சாரல் படும். ஈரம் உள்ள போகக்கூடாது."

அவள் தோளைக் குலுக்கினாள். "நீதான் பெட்டிக்காரன்."

அடுத்த நாட்களில் துணிமணிகளை மடித்துப் பைகளில் வைத்தேன். அதையும் ஒழுங்காகவே செய்தேன். முதலையைச் சுற்றிய தாள் உட்பக்கம் வேர்த்து, பனி படர்ந்த கண்ணாடி போல் ஆனது. "முதலை மூச்சு விடுது," என்று சிறுசு வந்து சொல்லிக்கொண்டே இருந்தான். வெறும் ஆவிதான் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா சொட்டும் குடையோடு வந்தாள். யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் வாயைத்தான் பார்ப்பாள்.

"ஆ காட்டு. பல்லு தேய்ச்சியா?"

"நேத்து தேய்ச்சேன்," என்றான் சிறுசு.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு இன்னும் முடியலையே பெரியம்மா."

"இவன் உங்க வம்சம், தம்பி," என்றாள் அக்கா.

முதலையைக் காட்டியே ஆக வேண்டும் என்று இருவரும் அவளை ஜன்னலுக்கு இழுத்துப்போனார்கள். நான் கத்தியால் தாளைக் கிழித்தேன். மண் வாசனை போல் ஒன்று குப்பென்று வந்தது. தாளை உரித்தேன்.

முதலைக்கு முடி முளைத்திருந்தது. தலை முதல் வால் வரை, விரல் உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று அடர்த்தியாக நின்றது. ஒவ்வொரு முடியின் நுனியிலும் இரண்டு குட்டி இலைகள்.

சிறுசு உள்ளங்கையால் அதைத் தடவினான்.

"முதலைக்கு முடி கிடையாதுடா," என்றாள் பெரிசு.

"இதுக்கு இருக்கு," என்றான் சிறுசு.

"தம்பி, மேல என்ன போட்டீங்க?"

"கடுகு."

"காய வைக்கலையா?"

"ஈரம் உள்ள போயிரும்னு மூடி வெச்சேன்."

"ஏற்கெனவே உள்ள இருந்த ஈரம்?"

"அதை யோசிக்கலைக்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எனக்கும் மூக்கு வழியாக ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். பெரிசு திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதை விட்டுட்டு வரமாட்டோம்," என்றாள். "ரெண்டு வேளை தண்ணி ஊத்தணும். ஜன்னல் பக்கம் வைக்கணும்."

"தனியாப் படுக்காது," என்றான் சிறுசு.

"எடுத்துட்டே போயிடலாம்," என்றாள் அக்கா. "ரயில் மூணு மணிக்குத்தான். தம்பி, டக்குனு ஒரு பெட்டி போட்டுக் குடுங்க. உங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலையாச்சே."

மிச்சமிருந்த அட்டையைத் தரையில் விரித்து, அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். நீளம் அளந்தேன். அகலம் அளந்தேன். அடிப்பாகத்துக்குக் கோடு போட்டேன். உயரத்துக்கு அளவுகோலை நிறுத்தினேன். எந்த உயரம்? இன்றைய உயரமா, நாளைய உயரமா? நான் பெட்டி போட்ட மருந்தும் பல்பும் உள்ளே போன பிறகு வளர்ந்ததில்லை. பெரிசு என் தோளில் தாடையை வைத்துப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு காதில் பட்டது.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இது பெட்டியில போகாது."

"கொஞ்சம் பெரிசாப் போடுங்க."

"எவ்வளவு பெரிசாப் போட்டாலும் போகாது."

"சரி, அப்ப இங்கயே இருக்கட்டும். பசங்கள மட்டும்..."

"பசங்களும் போகமாட்டாங்க."

தோளில் இருந்த தாடை அசையவில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

"போன்ல கேட்டப்ப சரின்னீங்களே தம்பி?"

"நான் எல்லாத்துக்குந்தான் சரின்னேன். பால்கனியப் பாருங்க. யாரு சைக்கிள்னு நினைக்கிறீங்க?"

அவள் எட்டிப் பார்த்தாள். சைக்கிள் எங்கள் துணிக்கொடியை மறித்துக்கொண்டு நின்றது. அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீங்க மாட்டேன்னு சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "பதிலுக்குப் பேச எல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். பட்டுனு சரின்னுட்டீங்க. அப்புறம் நான் என்ன பேசுறது? அதான் பயமாப் போச்சு."

"இப்ப மாட்டேங்கிறேன்."

"முடியுமா உங்களால?"

"தெரியலைக்கா. வந்து வந்து பாருங்க."

"வாயத் திறந்து பார்ப்பேன்."

"பாருங்க."

"மூணு பேரு வாயையும்."

"சரி," என்றேன். இந்தச் சரியை யோசித்துத்தான் சொன்னேன்.

"அப்பா, நாலு வாய்," என்று சிறுசு திருத்தினான்.

அக்கா முதலையின் தாடையைத் திறந்து, கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. தொழில் முகம்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"பொறந்ததுலருந்து," என்றாள் பெரிசு.

"புடுங்கிட வேண்டியதுதான். வாலப் புடிச்சுக்கடா, துள்ளும்."

சமையலறை இடுக்கியால் சொத்தைப் பல்லைப் பிடித்து இழுத்தாள். நான் ஒட்டியதாலோ என்னவோ, லேசில் வரவில்லை. மூன்றாவது இழுப்பில் கையோடு வந்தது. ஒரு வாரம் இனிப்பு கொடுக்கக்கூடாது என்றாள். துணிப் பைகளைப் பெரிசே அலமாரிக்கு இழுத்துப்போனாள். திங்கட்கிழமை இதை எப்படிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவது என்று கேட்டேன். "நடத்திக் கூட்டிட்டுப் போலாம்," என்றான் சிறுசு.

அக்கா கிளம்பும்போது பல்லைக் கேட்டாள். கிளினிக்கில் வைக்கப் போகிறாளாம். கோடு போட்டு வைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தீப்பெட்டி அளவில் பெட்டி மடித்தேன். பல் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியை அழுத்தப் போனேன்.

"இருப்பா," என்று என் கையைப் பிடித்தாள் பெரிசு. "மூச்சு விட ஓட்டை போடு."

பென்சில் முனையால் இரண்டு ஓட்டைகள் போட்டுக் கொடுத்தேன்.