கூடுதலாக ஒரு டின்

கடையில் அவளுக்குப் பருந்து என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்; பிறகு பருந்தக்கா என்று நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை, பெருமைதான். அந்த சூப்பர்மார்க்கெட்டின் வாசல் காவல் அவளுடையது. ஒருமுறை பார்த்த முகத்தை அவள் மறந்ததாகச் சரித்திரமே இல்லை. சட்டைக்குள் சாக்லேட் செருகுகிறவன், மலிவு டப்பாவின் விலைச்சீட்டை உரித்து விலைகூடிய டப்பாவில் ஒட்டுகிறவன், தள்ளுவண்டியில் குழந்தைக்கு அடியில் ஷாம்பூவை ஒளித்துவிட்டு அந்தக் குழந்தையையே கொஞ்சிக்கொண்டு வெளியேறுகிறவள் என்று எல்லோரும் அவள் கையில் மாட்டியிருக்கிறார்கள்.

வாசலில் இரண்டு தூண்களாக சென்சார் கேட் நிற்கும். பொருள்களில் கம்பெனியிலேயே ஒட்டிவரும் ஸ்டிக்கரை பில் போடும் இடத்தில் ஒரு தட்டின்மேல் தேய்த்து அணைத்துவிடுவார்கள். அணைக்காத ஸ்டிக்கரோடு யாராவது கடந்தால் கேட் அலறும். அலறியதும் வெளியே போகிறவர்கள் பக்கம் பருந்து பாய்வாள். கேட்டுக்கு அருகே, கூடைகள் அடுக்கிய இடத்துக்கு மேலே ஒரு பலகை. பிடிபட்டவர்களின் படங்களை அதில் ஒட்டிவைப்பது மேனேஜரின் யோசனை. நாலு பேர் பார்த்தால் ஐந்தாவது ஆள் திருடமாட்டானாம்.

பிடிபட்ட எல்லோரும் அந்தப் பலகையில் ஏறிவிடவில்லை. டை கட்டிய ஒரு பெரிய மனிதர், ஆளுக்கு ஒன்றுதான் என்று கடை கொடுத்த கூப்பனைக் கட்டுக்கட்டாகக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, எண்ணெயும் சோப்புமாக வாரிக்கொண்டிருந்தார். விரலில் மை ஒட்டுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் பருந்துதான். மேனேஜர் அவரை ஏசி அறையில் உட்கார வைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தானே சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார். ரெகுலர் கஸ்டமராம். அவமானப்படுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

அந்தத் தகுதி பச்சைச் சால்வைக்காரிக்கு இருந்தது. கைக்குழந்தைக்காரி. ஒரு பால்பவுடர் டின்னைச் சால்வைக்குள் இடுக்கிக்கொண்டு போனாள், கேட் அலறிவிட்டது. அவள் ஓடவில்லை, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். பருந்து டின்னைப் பிடுங்கி அலமாரியில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, பலகைக்காகப் படம் எடுத்தாள். குனிந்த தலை நிமிரவே இல்லை. அதனால் மோவாயில் விரலைக் கொடுத்துத் தூக்கி, "நிமிர்ந்து பாரு" என்றாள். நிமிர்ந்த முகம் பலகையில் ஏறியது.

சில மாதம் கழித்துத் தரை துடைக்கிற அம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். பச்சைச் சால்வை வீட்டுவேலை பார்த்துவந்தாளாம். அந்த வீட்டுக்காரி சாமான் வாங்க வந்தபோது படத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு வீடு போனதும் மற்ற வீடுகளும் போயின. பிறகு காய்ச்சல் வந்தது, வைத்தியம் பார்க்க வழியில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். "திருடினா பிடிக்கிறதுதானே என் வேலை, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டுவிட்டுப் பருந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோற்றைத் தொடாமலே திரும்ப மூடிவைத்தாள். படத்தை எடுத்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கேட் காரணமில்லாமல் அலற ஆரம்பித்தது. பருந்து பாய்ந்து போய்ப் பார்த்தால் வெளியே போகிறவர்கள் கையில் எல்லாம் பில் போட்ட சாமானாக இருக்கும். சில சமயம் வெளியே போக ஒருவருமே இருக்கமாட்டார்கள். மெக்கானிக் வந்து பிரித்து மாட்டிவிட்டு, மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை, உங்களுக்குத்தான் காது சரியில்லை என்று கிண்டலடித்துவிட்டுப் போனார்.

அலறிய நாளிலெல்லாம் இன்னொன்றும் நடந்தது. பால்பவுடர் வரிசையில் கம்ப்யூட்டர் சொல்வதைவிட ஒரு டின் கூடுதலாக இருந்தது. கடை என்றால் பொருள் குறையும், அது உலக வழக்கம். கூடுமா? ஸ்டாக் பார்க்கிறவர் தலையைச் சொறிந்தார். பில் போடும் பெண்கள் அந்த வரிசைக்குத் தனியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். எடுத்தவளே கொண்டுவந்து வைக்கிறாள் என்று தரை துடைக்கிற அம்மா சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைத் துடைக்காமலே வாளியோடு திரும்பினாள்.

பருந்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேமரா அறையில் உட்கார்ந்து பதிவைப் பின்னோக்கி ஓட்டினாள். அந்த வரிசையில் ஒரு தள்ளுபடி அட்டை தொங்கிக்கொண்டு பாதியை மறைத்தது. நிற்கிறவர்களின் கை தெரியாது, தலைதான் தெரியும். பச்சைச் சால்வை போர்த்திய ஒரு தலை வந்து நின்றது. கொஞ்ச நேரம் குனிந்திருந்தது. பிறகு யாரோ மோவாயைத் தூக்கிவிட்டதுபோல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தது. அதே முகம். மறக்கத் தெரியாத அந்தக் கண்கள்தான் அதைப் பார்த்தன. பருந்து திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். லாரி ஓட்டுகிறவர், எதையும் லேசில் எடுத்துக்கொள்கிறவர். செத்தவள் வந்து சாமான் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்றால் கடைக்கு லாபம்தானே, கும்பிட்டு வாங்கி வை என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று மோவாயைத் தூக்கிய விரலை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவினாள். செத்தவள் தன்னைத் தேடித்தான் வருகிறாள், ஏதோ கேட்க வருகிறாள் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. என்ன கேட்பாள் என்ற பயம்தான் அவளைத் தின்றது.

ஒரு நாள் மத்தியானம் கூட்டம் குறைவாக இருந்தது. கேட் அலறியது. வழக்கம்போல வெளிப்பக்கம் பாய்ந்தாள், ஒருவரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான் கேட் அலறும் என்று யார் சொன்னது? இத்தனை வருஷமாக உள்ளே வருகிறவர்கள் பக்கம் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கிறாளா?

திரும்பினாள். பச்சைச் சால்வை பால்பவுடர் வரிசைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே போனாள். சால்வைக்குள்ளிருந்து ஒரு டின் வெளியே வந்தது. அதை மற்ற டின்களோடு வைத்து, பேர் முன்பக்கம் தெரியும்படி திருப்பினாள் அந்தப் பெண். பழக்கதோஷம், பருந்தின் கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது. நாடி துடித்தது. பருந்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் அவ தங்கச்சி," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "திருடலைங்க. வைக்கத்தான் வந்தேன்."

அக்காவின் அதே முகச்சாடை, அக்காவின் சால்வை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அக்கா சாகும்போது, காய்ச்சல் பிதற்றலில், அந்த டின்னைக் கடையில் வைத்துவிடு என்று மட்டும் சொன்னாளாம். வேறு தெருவில் ஒரு சின்னக் கடை, அங்கே கேட்டும் கிடையாது, ஸ்டிக்கரை அணைக்கிற தட்டும் கிடையாது. அங்கே வாங்கி வந்து வைத்தாளாம்.

"ஒண்ணு வெச்சா படத்த எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன். எடுக்கல. வட்டி சேந்திருக்கும்போலன்னு இன்னொண்ணு வெச்சேன். அப்பவும் எடுக்கல. கொழந்தைக்கு இப்ப முகம் தெரியுது. இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்தா படத்தப் பாத்துக் கைய நீட்டுது. இன்னும் எத்தன வைக்கணும், சொல்லுங்க."

பருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணுமே தரவேண்டாம்மா. அந்த டின்ன அன்னிக்கே அவகிட்டருந்து வாங்கி வெச்சிட்டோம்."

தங்கை அவளையே பார்த்தாள். "அப்ப படம் எதுக்கு?"

  பருந்து பலகைக்குப் போனாள். படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். பசை காய்ந்து இறுகியிருந்தது, கிழிந்துவிடும்போல் இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டையை நனைத்து, நெற்றியிலிருந்து தொடங்கி, காய்ச்சல்காரிக்குத் துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தாள். மேனேஜர் தன் அறைக் கண்ணாடியைத் தட்டி என்ன செய்கிறாய் என்று சைகை காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முகம் முழுசாக வந்துவிட்டது. அதைத் தங்கையின் கையில் கொடுத்து, அவள் வைத்த டின்னையும் எடுத்துவந்து குழந்தைக்கு என்று திணித்தாள்.

தங்கை வாசலைத் தாண்டினாள். கேட் அலறியது.

பில் போடும் பெண்கள் திரும்பினார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அறைக்குள் மேனேஜர் எழுந்து நின்றார். டின்னில் அணைக்காத ஸ்டிக்கர் இருப்பது பருந்துக்குத்தான் அத்தனை பேரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மறந்துபோனாள். தங்கை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் டின், இன்னொரு கையில் அக்கா. தலை குனிந்திருந்தது.

பருந்து அவள் பக்கத்தில் போனாள். விரல் மோவாய் வரைக்கும் எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. கையை இறக்கிக்கொண்டாள். கடை முழுக்கக் கேட்கும்படி, அன்று சொல்லாததைச் சேர்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அது அவங்க பொருள். அவங்க காசு போட்டு வாங்கினது. கைய இறக்கிட்டுப் போம்மா, உன்னை யாரும் பிடிக்கமாட்டாங்க."

தங்கை கையை இறக்க வெகுநேரமாயிற்று. இறக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். பச்சைச் சால்வை கண்ணுக்கு மறையும்வரை பருந்து வாசலிலேயே நின்றாள். பிறகு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எதிரே பலகையில் படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. ஒருமுறை பார்த்த முகத்தை மறக்காத அந்தக் கண்களுக்கு, அந்த வெற்றிடத்திலும் அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.