வெளியே வரும்போது கழுவிய கைகள்

1

அன்று அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அண்ணன், வயிற்றில் அறுவைசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். அவன் காலடியில், மெத்தை மீதே, நான். இருந்த ஒரே நாற்காலியில் அண்ணி. சன்னல் மேடையில் சித்தப்பா. நர்ஸ் வாசலில் நின்றார். அவருக்கு இடம் விடவில்லை.

இந்தக் கதை புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. எங்கள் வீட்டில் கடிதம் என்றால் நான்தான். அண்ணனின் காயத்தில் சீழ் வைத்ததும் சித்தப்பா சொன்னார்: "அந்த நர்ஸ் சரியில்லடா. அவ வேலையே போற மாதிரி காரமா ஒண்ணு எழுது."

2

முதல் தொடக்கம்: "ஐயா, தங்கள் செவிலியரின் அலட்சியத்தால்…"

(இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: சிறுவயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அண்ணன் என் போர்வைக்குள் புகுந்துகொள்வான். "பாதி எனக்குக் குடுடா" என்பான். மறுநாள் அவனுக்கும் கொதிக்கும். இருவரும் பள்ளிக்கு மட்டம். போர்வையில் எலி கடித்த ஓட்டை ஒன்று. அதில் கண்ணை வைத்து, தெருவில் பையோடு போகிறவர்களை எண்ணுவோம். அப்படியொரு வாரம் பிறகு வாய்க்கவேயில்லை.

(கடிதத்தில் இது செல்லாது. இங்கே இருக்கட்டும்.)

3

நர்ஸைச் சிடுமூஞ்சியாக எழுதிப் பார்த்து, அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சிரித்தபடிதான் கேட்டார்.

"எல்லாரும் கை கழுவிட்டீங்களா?"

"போகும்போது நல்லா சோப்புப் போட்டுக் கழுவுவோம்மா," என்றார் சித்தப்பா. "இங்கேர்ந்து எதையும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதில்ல?"

"கொண்டு போறது இருக்கட்டும் சார். கொண்டு வர்றது?"

"எங்க பிள்ளைக்கு என்னத்தக் கொண்டு வரப் போறோம்? ஆப்பிள்தான்!"

அண்ணிகூடச் சிரித்தார். நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "கட்டில்ல உட்காராதீங்க. உங்களுக்குச் சளி இருக்கா?"

"இல்லைங்க."

சட்டைப்பையில் கைக்குட்டை ஈரமாக இருந்தது.

அவர் போனதும், "கட்டு கழண்டுக்குதுடா" என்றான் அண்ணன். நான்தான் விரலால் அழுத்தி ஒட்டினேன்.*

* என் விரல்தான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நர்ஸ் அலட்சியமாக இல்லை என்று என்னால் சொல்ல முடியும்.

4

முடிவு ஒன்று: சித்தப்பா கேட்டபடி எழுதுகிறேன். நர்ஸுக்கு வேலை போகிறது. வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

முடிவு இரண்டு: எதுவும் எழுதவில்லை. காயம் ஆறிவிடுகிறது, எல்லாரும் மறந்துவிடுகிறோம். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.

ஆகவே யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதில் தொடங்கி, கைக்குட்டை வரை வரிசையாக எழுதினேன். ஒன்று மருத்துவமனைக்கு. நகல் அண்ணனுக்கு. அதைப் படித்ததும் அவன்…

இந்த வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்வைக்குள் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு முடியுங்கள்.

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுவது என் வழக்கம். மூக்கு இன்னும் ஒழுகுகிறது. எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். இரண்டு உறைகளையும் பசை தடவி ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.