ஓடாத மாதங்கள்

ஷாமிளா தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் நம்பர் மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் படிகள் வழுக்கின. முழங்காலை நன்றாக உயர்த்தி, நிதானமாக அடியெடுத்து வைத்தாள். பின்னால் தங்கையா வெற்றிலையை மென்றபடி வெறுங்கையோடு வந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள்.

மாகாணப் போட்டியில் நூறு மீற்றரில் இரண்டாவதாக வந்த பிள்ளை, இப்போது ஓடவே ஓடாமல் சாக்குத் தூக்கித் திரிவது அவர்களுக்குப் பெரிய புதிர். காலில் அடி என்றார்கள் சிலர். கலியாணம் பேசியாயிற்று என்றார்கள் வேறு சிலர். அவளுடைய அம்மா புஷ்பத்தைக் குடைந்தும் ஒன்றும் தேறவில்லை, ஏனென்றால் அம்மாவுக்கே விளங்கவில்லை.

கடைசியில் ஷாமிளாவே சொன்னாள். போட்டிக் காலம் முடிந்துவிட்டது. தை பிறக்கும்வரை வேகமாக ஓடக்கூடாது, மலை ஏறி, பாரம் தூக்கிக் காலைப் பலப்படுத்த வேண்டும் என்பது அவளுக்கு ஓட்டம் பழக்கும் பலாங்கொடை விளையாட்டுச் சங்கத்து மிஸ்ஸின் கட்டளை. இரும்புப் பாரமெல்லாம் சங்கத்தில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு அவள் தினமும் பஸ் ஏற முடியுமா? தோட்டத்திலோ மலையும் இருந்தது, பாரமும் இருந்தது.

அந்தப் பாரம் தங்கையாவுடையது. பெண்கள் பறித்த கொழுந்தை ரோட்டில் நிற்கும் லொறிவரை தூக்கிப்போவது அவர் வேலை. வயது கடந்து தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டப்பட்டவர், அன்றன்றைய கைக்காசுக்குத்தான் வந்தார். அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான். முழங்கால் வலிக்காரருக்கு ஷாமிளாவின் பயிற்சி பெரிய வரம். அதைவிடப் பெரிது அவருடைய ஆராய்ச்சி. பாரம் தூக்கினால் எப்படி வேகம் வரும் என்று தினமும் கேட்பார். ஓட்டம் தொடங்கும்போது தரையைப் பலமாக உதைக்க வேண்டும், அதற்குத்தான் என்பாள் அவள்.

"அப்படிப் பாத்தா நான் ரயிலையே முந்தியிருக்கணுமே, புள்ள?"

சொல்லிவிட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார். மூச்சு வாங்க மதகில் உட்கார்ந்து சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஒருநாள் தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரையின் ஜீப் அங்கே நின்றது. அவருக்கும் ஆச்சரியம். வேலைக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளை ஸ்ரீதரன், ஓட்டப் போட்டிக்காகத் தூக்குகிறாள், நம் தோட்டத்துப் பிள்ளை என்று பெருமையோடு விளக்கினார். சின்னத்துரை ஒரு சாக்கின் எடையைக் கேட்டார், எத்தனை தடவை ஏறுகிறாள் என்று கேட்டார், கெட்டிக்காரி என்று மெச்சிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தங்கையாவைக் கூப்பிடவில்லை. அவர் கேட்டதற்கு, இனி அவரவர் சாக்கை அவரவரே ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை.

ஷாமிளா கணக்கப்பிள்ளையின் பின்னாலேயே ஓடினாள்.

"நான் இனிமே தூக்கல்லங்க. மாமாவுக்கே வேலையக் குடுங்க."

"நீ தூக்குறதும் தூக்காததும் இப்ப கதையில்ல. ஒரு பொம்பளப்புள்ள தூக்குறத தொர பாத்துட்டாரு, அவ்வளவுதான்."

பெண்கள் அவளைத் திட்டவில்லை. பேசுவதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. புஷ்பம் மட்டும், தன் சாக்கோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி மலையில் நின்றபோது, உன் ஓட்டம் நல்லாயிருக்கு என்றாள்.

தை பிறந்தது. சனிக்கிழமை மைதானத்தில் ஷாமிளா ஓடியதைப் பார்த்து மிஸ் கைதட்டினார். கால் தயார், திங்களிலிருந்து ஓட்டம் மட்டும்தான், பாரத்தைத் தொடவே கூடாது என்றார்.

திங்கட்கிழமை மலையடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நிறைந்த சாக்கைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள யாராலும் முடியாது. அதற்காகவே தங்கையா வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, அவருக்கு யாரும் பேர் போடவும் இல்லை. ஒவ்வொரு சாக்காகத் தூக்கிவிட்டார்.

ஷாமிளாவின் முறை வந்தது.

"என்னா புள்ள, ஓட எப்பத் தொடங்குற?"

"இன்னைக்கித்தான், மாமா. இனிமே பாரம் தூக்கக்கூடாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க."

அவர் அதற்குள் சாக்கை அவள் தலையில் வைத்துவிட்டிருந்தார்.