டீச்சருக்காக ஒரு ஜெபம்

வாஷிங்டனில் அந்த இரண்டு சொல்லைச் சேர்த்தது 1954 ஜூன் மாதம். டன்னாவே ஊருக்கு அது வந்து சேர்ந்தது செப்டம்பரில், பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு. அட்டையில் அச்சடித்து வகுப்புக்கு ஒன்று அனுப்பியிருந்தார்கள். கொடியைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த அதே உறுதிமொழிதான். "ஒரே தேசம்" என்பதற்குப் பின்னால் "கடவுளின் கீழ்" என்று புதிதாக ஒட்டியிருந்தது. மற்ற டீச்சர்கள் அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு லியோட்டா அதை மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

உடனே அவளை நாத்திகவாதி என்று நினைத்துவிட வேண்டாம். கென்டக்கி மலைப்பக்கத்தில் அவளைப் போல சபைக்குப் போகிறவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை, புதன்கிழமை ஜெபக்கூட்டம், எதையும் விட்டதில்லை. புருஷன் கிளெல் ஜெர்மனியில் சண்டையில் செத்தான் என்று தந்தி வந்த வாரம்கூட ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்ததே அந்த பக்தியால்தான். முப்பது பிள்ளைகள், பாதித் தூக்கத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்துப் பையனைக் கிள்ளிக்கொண்டு ஒப்பிக்கிற ஒன்றுக்குள் கர்த்தருடைய பேரை, அதுவும் சர்க்கார் உத்தரவு போட்டு, நுழைப்பதாவது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

இதை அவள் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடிக்கவும் இல்லை. அவள் சபையின் பாஸ்டர் டாக்கெட் ஒவ்வொரு ஜூலையிலும், சுதந்திர தின ஞாயிறன்று, பிரசங்க மேடையைத் தட்டித் தட்டிச் சொன்னதுதான். அந்தக் காலத்தில் வர்ஜீனியாவில் நம் பாப்டிஸ்ட் சபை முன்னோர்கள் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்காமல் பிரசங்கம் பண்ணினார்கள், ஜெயிலில் போட்டார்கள், ஜெயில் கம்பி வழியாகவும் பிரசங்கம் பண்ணினார்கள் என்று சொல்லும்போது மனுஷனுக்குக் கண் கலங்கிவிடும். அரசாங்கம் பண்ணச் சொல்கிற ஜெபம் ஜெபமே இல்லை என்று முடிப்பார். பதினோரு வருஷம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டு ஆமென் சொன்னவள் லியோட்டா.

அதனால் முதல் வாரமே அவரைத் தேடிப் போனாள். சபைக்குப் பின்னால் வேலிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் பழைய உறுதிமொழியத்தான் சொல்லப்போறேன். புதுசைச் சொல்றேன்னு நிக்கிற பிள்ளைங்க சொல்லட்டும், தடுக்க மாட்டேன். என் வாயால அதைச் சொல்லிக்குடுக்க மாட்டேன். நான் பண்றது தப்பா?"

அவர் பிரஷை டப்பாவின் மேல் வைத்தார். "தப்பா? இந்த ஊர்ல என் பிரசங்கத்தைக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான் போல. மத்தவங்கல்லாம் மதியச் சாப்பாட்டுக்குக் கோழி வெந்திருக்குமான்னுதான் யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"பள்ளிக்கூட நிர்வாக போர்டுல கூப்பிட்டுக் கேட்டாங்கன்னா?"

"கேக்கட்டும். நான் வந்து பக்கத்துல நிப்பேன். இது உங்க சொந்த விஷயம் இல்ல சிஸ்டர், நம்ம சபையோட விஷயம். தைரியமா போங்க."

தைரியமாகத்தான் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது கிளெல் போன பிறகு முதல் தடவையாகத் தனக்கு ஒரு துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாவம்.

ஒரு மாதம் ஓடியது. பள்ளிக்கூட போர்டுக்குத் தலைவர் வெர்ஜில் ஸ்டாம்பர், தீவனக் கடைக்காரர். அவருடைய பேத்தி நடீன் லியோட்டாவின் வகுப்பில்தான் படித்தாள். பிள்ளை பிள்ளையாக, "எங்க டீச்சர் குட்டை உறுதிமொழி சொல்றாங்க தாத்தா, நாங்க நீளமானது" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும். முடிதிருத்தும் கடையில் ஆரம்பித்து தபாலாபீஸ் வரைக்கும் அதே பேச்சு. ரஷ்யாக்காரனுடைய ஆள் என்றான் ஒருவன். கிளெல்லின் பெயரைச் சொல்லி அவன் வாயை இன்னொருவன் அடைத்தான். போர்டிலிருந்து கடிதம் வந்தது: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, பள்ளிக்கூட சாப்பாட்டு ஹாலில் ஆஜராகவும்.

லியோட்டா முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தாள். பாஸ்டர் வந்தார். ஹால் முழுக்கக் கை குலுக்கினார். அவளைத் தாண்டி நேராகப் போய் போர்டுக்காரர்கள் மேசையோரத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆரம்ப ஜெபம் பண்ணக் கூப்பிட்டிருப்பார்கள், முடிந்ததும் இங்கே வந்துவிடுவார் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜெபம் பண்ணினார். பிறகு எல்லோரும் எழுந்து கொடியைப் பார்த்தார்கள். லியோட்டாவும் எழுந்தாள், நெஞ்சில் கை வைத்தாள், ஆனால் அவள் கண் கொடியில் இல்லை. பாஸ்டர் வாயையே பார்த்தாள். "ஒரே தேசம்" வந்தது. அவர் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மற்ற எல்லோரையும் விட ஒரு படி சத்தமாக அந்த இரண்டு சொல்லையும் சொன்னார். 

ஸ்டாம்பர் தொண்டையைக் கனைத்தார். "டீச்சரம்மா, உங்க மேல யாருக்கும் விரோதம் இல்ல. கிளெல்லை எனக்குத் தெரியும். ஆனா சட்டம்னு ஒண்ணு வந்துடுச்சு. ரெண்டே சொல்லு. சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"ரெண்டு சொல்லுங்கிறதுக்காக இல்ல சார். பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக்குடுக்கிறது வீட்டு வேலை, சபை வேலை. சர்க்கார் வேலை இல்ல. பாப்டிஸ்ட்காரங்க ஜெயிலுக்குப் போனது இதுக்காகத்தான். எங்க சபையில நான் படிச்சது இது. பாஸ்டரையே கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. பாஸ்டர் டாக்கெட் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

"லியோட்டா சிஸ்டர் எங்க சபைக்கு ஒரு பொக்கிஷம்," என்றார். "ஆனா நம்ம எல்லாருக்கும் தெரியும், புருஷன் போனதுல இருந்து அவங்க மனசு ரொம்ப அடிபட்டிருக்கு. தனியா இருக்காங்க. தனியா இருந்தா மனசு எதையாவது பிடிச்சுக்கும். நான் பிரசங்கத்துல சொன்ன பழைய கதை ஏதோ ஒண்ணை அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். கடவுள் பேரைச் சொல்லாதேன்னு எந்த பாஸ்டராவது சொல்வானா?"

ஹாலில் சிரிப்பு. அன்பான சிரிப்புதான். அதுதான் அவளைக் கொன்றது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். இரக்கப்பட்டுச் சிரிக்கிறவர்களிடம் என்ன பேசுவது? பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். லியோட்டா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பேச்சு வராமல் நிற்பதைப் பார்த்தவர்கள், பாஸ்டர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று தலையாட்டினார்கள்.

ஸ்டாம்பர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். "டீச்சரம்மாவை வேலையை விட்டு அனுப்ப வேணாம்னு பாஸ்டர் கேட்டுக்கிட்டார். அதுக்கு வழியும் அவரே சொன்னார். இந்த வாரம் வகுப்புக்கு வகுப்பு ஒலிபெருக்கிப் பெட்டி மாட்டுறோம். திங்கக்கிழமையில இருந்து தினம் காலையில பாஸ்டர் டாக்கெட் ஆபீஸ்ல இருந்து மைக்ல உறுதிமொழி சொல்லி, அஞ்சு நிமிஷம் ஜெபமும் பண்ணுவார். இனிமே எந்த டீச்சருக்கும் சங்கடம் இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சபையில் ஞாயிற்றுக்கிழமை வருவது எண்பது பேர். பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகள், தினமும், எழுந்து போக முடியாத இடத்தில். மனுஷன் ஜெயில் கம்பி கதையை விற்று மைக் வாங்கிவிட்டார்.

வெளியே தன் காரருகில் பாஸ்டர் அவளை நிறுத்தினார். "சிஸ்டர், கோபமா இருப்பீங்க. யோசிச்சுப் பாருங்க. உங்க வேலையை நான்தான் காப்பாத்துனேன்."

"என்னைப் பைத்தியமாக்கிக் காப்பாத்துனீங்க."

"பைத்தியம்னு நான் சொல்லல."

"வேலி பக்கத்துல நின்னு என்ன சொன்னீங்க பாஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க. இங்க யாரும் இல்ல. நீங்களும் நானும்தான்."

 "மனசுக்குள்ள நான் இன்னும் அதைத்தான் நம்புறேன்," என்று மெதுவாகச் சொன்னார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்கு அவர் பொய்யே சொல்லியிருக்கலாம். "அப்ப நீங்கதான் பரிதாபம்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீடு வரைக்கும் அழுதாள், வீட்டுக்குள் போயும் அழுதாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று சமையலறை மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவரை அவன் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை போல என்று மூன்று பேர் கதவைத் தட்டி, மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கரும்பலகைக்கு மேலே புதிதாக மாட்டியிருந்த பெட்டி கரகரத்தது. "பிள்ளைகளே, எழுந்து நில்லுங்க" என்றது பாஸ்டரின் குரல். முப்பது நாற்காலியும் ஒன்றாக நகர்ந்தன. உறுதிமொழி முடிந்தது. லியோட்டா தன் பழைய உறுதிமொழியைத் தன் குரலில் சொன்னாள். பெட்டியின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. பிறகு ஜெபம். ஜனாதிபதிக்காக, சிப்பாய்களுக்காக, மழைக்காக. குரல் கனிந்தது.

"நம்ம மத்தியில மனசு சோர்ந்துபோன ஒரு டீச்சர் இருக்காங்க. மூணாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்க டீச்சரை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்குங்க. அவங்களுக்குச் சீக்கிரம் சரியாகணும்னு நாம எல்லாரும் சேர்ந்து கேப்போம்."

நானூறு பிள்ளைகளுக்கும் அது கேட்டது. அவள் கண்முன்னால் முப்பது பேர் கண்ணை மூடினார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை, ஒருவனும் பக்கத்துப் பையனைக் கிள்ளவில்லை. அவளுக்காக உண்மையாகவே ஜெபம் பண்ணினார்கள். சிலருக்கு உதடு அசைந்தது. லியோட்டா கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர்கள் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. கோபப்பட முடியாதபடி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார் அந்த மனுஷன்.

பெட்டி ஓய்ந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நடீன் மட்டும் எழுந்து மேசையருகில் வந்தாள்.

"டீச்சர், சரியாயிடுச்சா?"

"ஏன் கேக்குற?"

"நாங்க எல்லாரும் கண்ணை மூடுனோம். நீங்க மூடல. நான் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தேன். அதனாலதான் கேட்டேன்."

லியோட்டா அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். 

"இல்லடா கண்ணு. எனக்கு இன்னும் சரியாகல. நாளைக்கும் சரியாகாது. போய் உக்காந்து கணக்கு நோட்டை எடு."