கறுப்புக்கு அடியில்

பட்டறையில் வைக்கோலை உதறி ஜாடியை வெளியே எடுத்ததும், பீங்கானுக்கு வண்ணம் பூசும் ஹான்யின் அதன் அடிப்பாகத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். நகக்கண் அளவு உடைசல். அப்பா அரக்கு வைத்து அடைத்த வடு. பச்சைப் பின்னணியில் பிளம் மரம், கிளையில் இரண்டு மைனா. அவள் வீட்டு ஜாடிதான்.

“என்னடி, புருஷனைப் பாக்கற மாதிரி பாக்குற?” என்றார் பாங் முதலாளி. “மரத்தையும் மைனாவையும் விட்டுட்டு மிச்சமெல்லாம் கறுப்பு அடிச்சிரு. வெள்ளைக்காரனுக்கு இப்போ பழங்காலத்துக் கறுப்பு ஜாடின்னா பித்து.”

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பத்து வருடத்துக்கு முன்னால் பொயாங் ஏரி ஊருக்குள் புகுந்தபோது படகில் வந்து, இந்த ஜாடிக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டுப் போனவர். கரையில் நின்ற நூறு ஒட்டிய வயிறுகளில் அவளுடையதும் ஒன்று. மூட்டையில் மேலே நாலு விரற்கடை நல்ல அரிசி. கீழே எல்லாம் பூசணம். காய்ச்சலில் கிடந்த அவளுக்கு நல்லதைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, கீழே கிடந்ததை அலசி அலசி அப்பாவும் தம்பியும் தின்றார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் சேற்றில் புதைத்தாள்.

பழைய பீங்கான் ஈரத்தோடு சூளைக்குப் போனால் வெடிக்கும் என்பதால் பதினைந்து நாள் ஜாடியைக் காயவைத்தாள். கறுப்பை அடித்து, மேலே சூட்டில் கண்ணாடியாய் உருகும் எனாமல் பூச்சு கொடுத்துச் சூளைக்கு அனுப்பினாள். வெளியே எடுத்த சூளைக்காரர் கூ, கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சை அப்படியே இருப்பதைக் கண்டார்.

“தங்கச்சி, இங்க வழுக்கை விழுந்திருக்கே. மறந்துட்டியா?”

“மறக்கல அண்ணே. அரக்குல மை கலந்து மூடிக்கறேன்.”

“சாராயம் பட்டா வந்துருமே.”

“வரட்டும்.”

கூ அவள் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நமக்குக் கண்ணு மங்கி வருஷமாச்சும்மா. நான் எதையும் பாக்கல.”

ஜியுஜியாங் துறைமுகத்தில் இருந்த கடைக்கு ஜாடியைச் சுமக்க அவளையே கூட்டிப்போனார் பாங். தனியாக ஒரு கூலி மிச்சம். துவால் என்ற பிரெஞ்சுக்காரர் காத்திருந்தார். கூடவே இன்னும் இரண்டு வெள்ளைக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். துவால் பையிலிருந்து பஞ்சை எடுத்துச் சாராயத்தில் நனைத்தார். வாங்கும் முன் தேய்த்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

“நல்லாத் தேய்ங்க துரை,” பாங் சிரித்தார். “இருநூறு வருஷக் கறுப்பு. தேஞ்சா உங்க விரல்தான் தேயும்.”

ஹான்யின் ஜாடியைத் திருப்பிப் பிடித்தாள்.

பஞ்சு கறுத்தது. துவால் இன்னொரு பஞ்சு எடுத்தார். அதுவும் கறுத்தது. அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

“இவதான்! இந்தச் சிறுக்கி பண்ணின வேலை!” என்று கத்தினார் பாங்.

“இருநூறு வருஷக் கறுப்புன்னீங்களே முதலாளி? நான் பூசினதுன்னா, பூசச் சொன்னது யாருன்னும் துரைக்குச் சொல்லிருங்க.”

தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார் ஒரு வெள்ளைக்காரர். “போன வருஷம்... எனக்கு ஆறு கறுப்பு வித்தே,” என்றார், உடைந்த சீனத்தில். மற்றவர் எழுந்து வாசல் பக்கம் போனார். மாலைக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

பாங் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “பாவி, உனக்கு நான் என்னடி செஞ்சேன்?”

“வெள்ள வருஷம். பொயாங் கரை. ஒரு மூட்டை அரிசி.”

“எந்த மூட்டை?”

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவள் நெஞ்சில் எங்கோ ஒட்டியிருந்த கொஞ்ச இரக்கமும் அப்போது கழன்று விழுந்தது.

“அத்தனை மூட்டையா முதலாளி?” என்று கையை உதறிக்கொண்டாள்.

ஜாடியை அவள் கேட்கவில்லை. துவால் அதை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலக் கறுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் சொன்ன விலைக்கே அதைக் கொண்டுபோவார். பேரம் பேச பாங்குக்கு வாய் ஏது?

தரையில் கிடந்த பஞ்சுகளைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினாள்.

அந்த வருடம், இறந்தவர்களுக்குப் படைக்கும் சிங்மிங் நாளில் ஊரெல்லாம் கல்லறைகளில் காகிதக் காசு எரித்தார்கள். ஹான்யின் அப்பாவின் மேட்டுக்கும் தம்பியின் மேட்டுக்கும் நடுவே அந்தப் பஞ்சுகளை வைத்தாள். அரக்கு ஊறியிருந்ததால் குப்பென்று பற்றியது.