நம்பர் மாறாது

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொன்னவனுக்குத் தம்பியே இருந்திருக்க மாட்டான். இருந்திருந்தாலும், அவன் வீட்டில் தொலைபேசி இருந்திருக்காது.

எங்களுடையது தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. உள்ளே உட்கார்ந்து கட்டுவது நான். வெளியே போய்க் கழற்றி வருவதும் திரும்ப மாட்டுவதும் தம்பி. இருபத்திரண்டு வருடமாக நான் கட்டிய ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் பட்டறை நம்பர் ஒட்டியிருக்கிறது. பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. மோட்டார் புகைந்தால் அந்த நம்பரை அடிப்பார்கள், அவ்வளவுதான். எங்களுக்குச் சோறு போட்டது அந்த நம்பர்.

மழை பெய்தால் லைன் கரகரக்கும், பிறகு இரண்டு நாள் செத்துக் கிடக்கும். "இன்டர்நெட் போனுக்கு மாறிடலாம்ணா" என்று ஆரம்பித்தான் தம்பி.

"கரண்ட் போனா உன் இன்டர்நெட்டும் போயிடும்டா. கரண்ட் போயிட்டு குபீர்னு வரும்போதுதான் மோட்டாரே எரியும். நமக்கு போன் வர்றதே அப்பதான். அந்த நேரத்துல ஊமையா கிடக்கிற போனை என்ன, தலைக்கு வச்சு படுக்கவா?"

"அதுக்கு பேட்டரி இருக்குண்ணா."

"நம்பர்?"

"நம்பர் மாறாது. சத்தியமா."

நாலு மாதம் நான் மசியவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம், நான் எம்மாத்திரம்? "நாலு இடம் போறவன் சொல்றான், கேளுங்களேன்" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஒரு வாரம் தொடர்ந்து லைன் செத்துக் கிடந்தபோது, சரி, மாற்றித் தொலை என்றேன்.

காகித வேலையெல்லாம் அவன் பொறுப்பு. என் விரலில் எப்போதும் வார்னிஷ் ஒட்டியிருக்கும், நான் தொட்ட தாள் உருப்படாது. அதனால் படிவத்தின் மேல் பழைய செய்தித்தாளை மூடி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அழுத்திப் பிடித்துக்கொள்வான். நான் குனிந்து போட்டுவிடுவேன். வருடக்கணக்காக அப்படித்தான். அன்றும் அப்படித்தான்.

புதுப் பெட்டி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, குரல் கணீரென்று கேட்டது. என் வாயாலேயே அவனைப் பாராட்டினேன்.

மூன்றாவது வாரம், "தனியா ஒரு இடம் பாத்திருக்கேண்ணா" என்றான். மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் பட்டறையில் இருந்த இரண்டு காயில் சுற்றும் மெஷினில் நல்லதை அவனுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து போன் அடிக்கவில்லை. இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. ஒரு மோட்டார்கூடவா எரியவில்லை? பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன். அவனைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் எங்கள் பழைய வாடிக்கைக்காரரான சலவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உடம்பு தேவலையா? கை நடுங்குதாமே. முந்தாநாள் உங்க நம்பருக்குப் போட்டேன், தம்பிதான் எடுத்து சொன்னார். மோட்டாரையும் வந்து கழட்டிட்டுப் போயிட்டார்."

அவர் செல்போனை வாங்கிக் கம்பெனிக்குப் பேசினேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "நம்பர் உங்க தம்பி பேர்ல இருக்குங்க. மாத்திக் கொடுக்க சம்மதம்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. இப்ப அவர் கடையில அடிக்குது."

செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது அதுதான். சலவைக்கடைக்காரரையே அந்த நம்பருக்குப் பேசச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணன்கிட்டயே கொடுத்திடவாப்பா?" என்று கேட்டார் அவர்.

"வேணாங்க. அண்ணன் முன்ன மாதிரி இல்ல. காயிலை தப்பா கட்டிடுறார். உங்க மோட்டார்தான் வீணாப் போகும்."

நம்பரை எடுத்துக்கொண்டான், போகட்டும். என் கையைப் பற்றிச் சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்தது?

"எந்த காயிலைடா தப்பா கட்டினேன்?" என்றேன்.

"கேட்டா கொடுத்திருக்க மாட்டீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

செல்போனைத் திருப்பிக் கொடுத்தேன். "கேட்டீங்கல்ல? மோட்டாரை அங்கேருந்து வாங்கிட்டு வாங்க. நாளைக்கே கட்டித் தர்றேன்."

சலவைக்கடைக்காரர் என் கையையே பார்த்தார். நானும் பார்த்தேன். ஆத்திரத்தில் அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்த ஒரு தடவை அங்கயே இருக்கட்டுங்க" என்றார். "நீங்க உடம்பைப் பாத்துக்கங்க."